ஆறவிட்டு வெட்டு, தம்பி

அன்பின் தம்பிக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகளும் பிள்ளையளும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுறம். குரல் பதிவு போட்டு அனுப்புங்கோவெண்டு அம்மா நாலுதரம் சொல்லிப்போட்டா. எனக்கு அந்தப் போனைப் பாத்துக் கதைக்க வராது. எழுதி, படம் பிடிச்சு அனுப்புறன். எழுத்து விளங்காட்டில் பெரிசாக்கிப் பார்.

நீ அனுப்பின பாண் படம் பாத்தன். வடிவாப் பொங்கியிருக்கு. மேல்தோல் வெடிக்கேல்லை, நிறமும் சரியான பதம். ஈஸ்ற் போட்டுக் குழைச்சு, வீட்டு அவணில இப்பிடியொரு அச்சுப்பாண் எடுக்கிறது லேசுப்பட்ட அலுவலில்லை. பின்வீட்டு மாமிக்கும் காட்டினன். "பாண் போறணைக்காரன்ர பிள்ளையெல்லோ" எண்டா. எனக்கு உள்ளுக்க சரியான புழுகம்.

ஆனா வெட்டியிருக்கிற விதத்தை என்னெண்டு சொல்லுறது? ஒரு துண்டு ரெண்டு விரல் தடிப்பு. அடுத்தது மேல மெல்லிசு, கீழ ஆப்பு. மூண்டாவது நடுவில பிஞ்சுபோய்க் கிடக்கு. கணக்கில நூறு எடுத்த பிள்ளை, பாண் வெட்டத் தெரியேல்லை.

படம் வந்தது இஞ்சை செவ்வாய் இரவு எட்டரைக்கு. உங்கை ரொறன்ரோவில அப்ப காலமை பதினொரு மணி. வெட்டின முகம் ஈரமாப் பளபளக்குது, அவணால எடுத்த கையோட வெட்டியிருக்கிறாய். அப்பிடியெண்டால் மா குழைச்சது ஏழு மணிக்கு. குழைச்சுப் பொங்கவிட்டு, அச்சில போட்டுத் திரும்பப் பொங்கவிட்டு, வேகவிட்டு எடுக்க நாலு மணித்தியாலம் பிடிக்கும், எனக்குத் தெரியாததே. செவ்வாய்க்கிழமை லீவு எடுத்திருப்பாய். போன கிழமை பணிஸ் படம் வந்த வியாழனும் லீவாக்கும். நல்லது. உடம்புக்கும் ஓய்வு வேணும்தானே.

முதல் விசயம், ஆறவிடு. வெளியில எடுக்கேக்க பாணின்ர நடுவில 95 பாகை சூடு நிக்கும். வெந்த மா அப்ப இன்னும் இறுகேல்லை. அதுக்குள்ள கத்தி வைச்சால் உள்ளுப் பஞ்சு நசிஞ்சு கத்தியில ஒட்டும், துண்டு களியாப் போகும். மிச்ச ஆவியும் வெட்டின முகத்தால போய், அடுத்த நாளே வறண்டுபோம். மெஷினில துண்டு போடுற பேக்கரியளில நடுச்சூடு 40 பாகைக்குக் கிட்ட இறங்கினாப்பிறகுதான் பாணை உள்ள விடுவினம். வீட்டில குறைஞ்சது ரெண்டு மணித்தியாலம் விடு. அச்சிலயிருந்து கழட்டிக் கம்பித் தட்டில வை, அச்சுக்குள்ள விட்டால் அடி வேர்க்கும்.

ரெண்டு மணித்தியாலம் சும்மா இருக்கிறது கஷ்டந்தான். பிள்ளையள் பள்ளிக்கூடம், மருமகள் வேலை, வீட்டில நீ தனிய. வெளியில நடந்துபோட்டு வா. இல்லாட்டில் எங்களுக்கு எடு. அந்த நேரம் நாங்கள் முழிப்புத்தான். அம்மா முன்னம்போல ஒன்பது மணிக்குப் படுக்கிறேல்லை இப்ப.

கத்தி. இறைச்சி வெட்டுற கத்தியாலதான் வெட்டினனீ, பாக்கவே தெரியுது. பாணுக்குப் பல்லுக் கத்தி வேணும், பத்து அங்குலமாவது இருக்கவேணும். பாணின்ர அகலத்தை விடக் கத்தி நீளமா இருந்தால்தான் இழுக்க இடமிருக்கும். அழுத்தாதை. கத்தின்ர பாரமே காணும். வாள் பிடிக்கிற மாதிரி நீட்டுக்கு இழு, நீட்டுக்குத் தள்ளு. அவசரத்தில குட்டிக் குட்டியா அறுத்தால் முகம் படியாப் போகும். பாணைச் சரிச்சுப் படுக்கப்போடு, பொங்கின மேல்பக்கம் உன்னைப் பாக்காமல் பக்கவாட்டில கிடக்கட்டும். நிமித்தி வைச்சு மேலால வெட்டினால் அந்தப் பொங்கின தோல் அமுங்கி, கீழ இருக்கிற பஞ்சையும் நசிச்சுப்போடும். முதல் தோலில மெல்லமா ஒரு கீறு போடு, பேந்து இறக்கு. கண் கிட்ட இருக்கிற பக்கத்தில நிக்கக்கூடாது, கத்தி முனை போற அங்கால் பக்கத்தைப் பாத்துப் பாத்து இறக்கவேணும். அங்கதான் சரியும்.

இவ்வளவும் ஆறினாப்பிறகு. சுடச்சுட எந்தக் கத்தியாலயும் ஏலாது.

உன்னைக் குறை சொல்லேல்லை. கடையில வெட்டின பாண் வாங்கிப் பழகின கையெல்லாம் உப்பிடித்தான். அமெரிக்காவில 1928இல மிசூரிப் பக்கம் ஒரு பேக்கரியில முதல்முதல் மெஷினால துண்டு போட்டு வித்தவை. 1943 தை மாசம் யுத்தச் சிக்கனம் எண்டு அரசாங்கம் வெட்டின பாணைத் தடைசெய்ய, சனம் பொரிஞ்சு தள்ளி, பங்குனியிலயே தடையை எடுத்துப்போட்டினம். வாசிக்க எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கட யுத்த காலத்தில எங்களுக்கு பற்றரி, சவுக்காரம், மண்ணெண்ணெய் எல்லாத்துக்கும் தடை போட்டு வருசக்கணக்கா இருந்தம், ஆர் கேட்டது.

கொடிகாமத்தில சித்தி வீட்டில இருந்த காலம் உனக்கு மறந்திராது. 1995, யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்த அந்த மழைக்காலம். ஒரு றாத்தல் பாண் கிடைக்கும், ஒன்பது பேர். 450 கிராம், ஆளுக்கு 50. ஆச்சி கத்தியை என்னட்டத்தான் தருவா. நீ சின்னவன், துண்டுகளை ஒண்டோடொண்டு சேத்து வைச்சு அளந்து பாப்பாய், ஒரு நூல் கூடிக் குறைய விடமாட்டாய். போறணை அங்கால அணைஞ்சு கிடந்தது. எனக்கு வேலை இல்லை, மடியில காசும் இல்லை. வீட்டில அது எல்லாருக்கும் தெரியும். சித்தப்பா ஒரு நாளும் முகம் சுழிக்கேல்லை, எனக்கும் அதே தடிப்பில ஒரு துண்டு. உன்ர அம்மா அந்த நாளையில என்னோட கதைச்ச மாதிரி அதுக்கு முன்னமும் கதைக்கேல்லை, பின்னமும் கதைக்கேல்லை.

பாண் வெட்டுறதைப் பற்றித்தான் எழுத வந்தனான், எங்கயோ போட்டுது.

துண்டு போட்டதை குளிர்சாதனப் பெட்டியில வையாதை. வெளியில வைக்கிறதை விடக் கெதியா விறைக்கும். ஒரு நாளுக்குக் காணுறதை வெளியில வைச்சு, மிச்சத்தை உறைபெட்டியில போட்டால் ஒவ்வொண்டா எடுத்து ரோஸ்ற் பண்ணலாம். வீண்போகாது. இப்ப உங்கை சாமான் விலையெல்லாம் கூடவாமே.

காசு வந்தது. வழமைபோல அதே தேதி, அதே கணக்கு. ஒரு நாள்கூடப் பிந்தேல்லை. உப்பிடி ஒரு பிள்ளை ஊரில ஆருக்கும் இல்லை, அதை நான் சொல்லாமல் விடக்கூடாது. ஆனா அடுத்த ரெண்டு மூண்டு மாசம் அனுப்பாதை. எங்களுக்குத் தேவையில்லை. தேங்காய் நல்ல விலை போகுது, கூரை வேலையும் தைக்குப் பிறகுதான். அனுப்பினால் நான் எடுக்கமாட்டன், வங்கியிலயே கிடக்கும். அம்மாவுக்கு இதைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை.

சின்னக்கான்ர மகளுக்குச் சம்பந்தம் பேசுகினம், பேந்து எழுதுறன்.

எங்கட ஓடாவியாரிட்டச் சொல்லி தேக்கம் பலகையில உனக்கு ஒரு வெட்டுப்பெட்டி செய்விக்கிறன். மேல் திறந்த பெட்டி, ரெண்டு பக்கப் பலகையிலயும் 12 மில்லிமீற்றருக்கு ஒரு கீறு. பாணை உள்ள வைச்சு, கீறுக்குள்ளால கத்தியை விட்டால் கண் தவறினாலும் கத்தி தவறாது. உன்ர அச்சின்ர அகலத்தை அளந்து அனுப்பு, அரை அங்குலம் கூட்டிச் செய்வம். ஆறின பாண் மட்டும் வை, சுட்ட பாண் பெட்டிக்குள்ளயும் நசியும்.

முன்வீட்டு மாஸ்ரர் அடுத்த மாசம் தன்ர மகளிட்ட ரொறன்ரோவுக்கு வாறார். பெட்டியை அவரிட்டத்தான் குடுத்துவிடுறன். அவருக்குக் கிழமை நாளில, பகலிலதானாம் வரத் தோதாம், பின்னேரத்தில கூட்டிக்கொண்டு வர ஆளில்லையாம். அவர் உங்கட வீட்டுக் கதவைத் தட்டுற நேரம் நீ வீட்டில நிப்பியோ எண்டு கேட்டார். நான் என்ன சொல்ல?

இப்படிக்கு,
அப்பா