வாங்காத மின்சாரத்துக்கும் கட்டணம்

ஆசிரியருக்கு,

மின்கட்டண உயர்வுக்கு எரிபொருள் விலையை மட்டும் காரணம் காட்டுவது சரியல்ல. விநியோக நிறுவனங்கள் மின் உற்பத்தியாளர்களுடன் செய்யும் நீண்டகாலக் கொள்முதல் ஒப்பந்தங்களில், வாங்காத மின்சாரத்துக்கும் நிலைக்கட்டணம் உண்டு. தேவையை மிகையாகக் கணித்துக் கையெழுத்திட்டால் அந்தச் சுமை நுகர்வோர் தலையில்தான் விழும். தேர்தல் பயத்தில் கட்டணத்தைத் தொடாத அரசுகள் பற்றாக்குறையைக் கடனால் நிரப்புகின்றன. பிறகு வட்டியும் சேர்ந்து ஒரேயடியாக ஏறுகிறது.

விநியோகத்தில் ஏற்படும் மின்சார இழப்பைக் குறைப்பதில் தொடங்கலாம். ஒவ்வொரு விநியோக மின்மாற்றியிலும் மீட்டர் பொருத்தி, அது வழங்கிய யூனிட்டையும் அதன்கீழ் பில் போட்ட யூனிட்டையும் மாதந்தோறும் ஒப்பிட்டால், திருட்டும் பழுதான மீட்டரும் எந்தப் பகுதியில் என்பது தெரிந்துவிடும். சரியான அளவு கெப்பாசிட்டர் பொருத்தித் திறன் காரணியை (கம்பி சுமக்கும் மொத்த மின்திறனில் உண்மையில் பயன்படும் பங்கு) 0.7 இலிருந்து 0.95 ஆக்கினால், அதே சுமைக்குக் கம்பியில் வீணாவது ஏறக்குறைய பாதியாகும். இதற்குச் சட்டத்திருத்தம்கூட வேண்டாம்!

அரசு மின் மானியம் தரட்டும், ஆனால் அந்தத் தொகையை விநியோக நிறுவனத்துக்கு முன்கூட்டியே செலுத்திவிட்டுத் தரட்டும். அரசுத் துறைகளின் பாக்கியையும் அப்போதே தீர்க்க வேண்டும்.