ஊதுபத்திக்கு மைதா மாவு இல்லீங்க, மைதா லக்கடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன மாசம் உங்க ஞாயிறு பதிப்புல வீட்டுலயே ஊதுபத்தி செய்யற குறிப்பு ஒண்ணு போட்டிருந்தீங்க, அதை வெட்டி ஐஸ்பெட்டி கதவுல ஒட்டி வச்சு அப்படியே செஞ்சு பாத்தேன், அதுல வந்த வினையத்தான் எழுதறேன். கரித்தூள், சந்தனத்தூள், மைதா, தண்ணி விட்டுப் பிசைஞ்சு குச்சியில உருட்டி ரெண்டு நாள் வெயில்ல காய வைக்கணும்னு போட்டிருந்துச்சு. மைதான்னா என்ன, ரொட்டி சானாய்க்குப் போடற மாவுதானேன்னு அதையே போட்டுட்டேன். பிசையும்போது நல்லாத்தான் இருந்துச்சு. பத்த வச்சா பூஜை ரூம் முழுக்க கருகின ரொட்டி வாசம், பாதியில அணைஞ்சும் போச்சு, பக்கத்து வீட்டு சீன ஆன்ட்டி கதவைத் தட்டி "ரொட்டி ஹாங்குஸ் கா?"ன்னு, ரொட்டி கருகிடுச்சான்னு மலாய்ல கேட்டுட்டுப் போனாங்க. மிச்சத்தை டப்பாவுல போட்டு வச்சேன், நாலாம் நாள் தொறந்தா பச்சையா பூசணம்.

எங்க சம்பந்தியம்மா பெங்களூர்ல இருக்கறவங்க, சின்ன வயசுல வீட்டுல உக்காந்து ஆயிரம் ரெண்டாயிரம்னு பத்தி உருட்டிக் கூலி வாங்கினவங்க. அவங்களுக்கு போன் போட்டுக் கேட்டா ஒரே சிரிப்பு. "என்ன சம்பந்தி, பத்தி செய்றீங்களா பரோட்டா சுடறீங்களா?" அப்பறம்தான் விஷயமே தெரிஞ்சுது, அது மைதா இல்ல, மைதா லக்கடி. ஒரு மரத்துப் பட்டையை இடிச்ச தூள், ஜிகட்டுன்னும் சொல்வாங்களாம், தண்ணி பட்டதும் கோந்து மாதிரி இழுக்கும், அதுவே நின்னு எரியவும் செய்யும். உங்க குறிப்புல "லக்கடி" மட்டும் விட்டுப் போச்சு, ஒரே ஒரு சொல்லு, ஆனா அதுலதான் எல்லாமே இருக்கு. நான் ஷாப்பிங்கற ஆன்லைன் கடையில வாங்கினேன்.

இப்ப நான் செய்யற கணக்கு சொல்றேன். கரித்தூள் ரெண்டு கப், மைதா லக்கடி ஒரு கப், சாமிக்குப் போட்ட ரோஜா, மரிக்கொழுந்து, வெட்டிவேர் எல்லாம் காய வச்சுப் பொடிச்சது ஒரு கப். கரிக்கு சாதா மரக்கரி, இங்க அரங்னு விக்கிறது, வாங்கி உரல்ல இடிச்சு வேட்டித்துணியில சலிக்கணும் (மூக்குக்குள்ள ரெண்டு நாளைக்குக் கருப்பா வரும், சொல்லிட்டேன்), பார்பிகியூவுக்கு விக்கிற அச்சுக்கரி வேணாம், அதுல ஒட்டறதுக்கு வேற என்னத்தையோ கலக்கறாங்க, வாசத்தைக் கெடுத்துடும். தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு முறுக்கு மாவு பதத்துக்குப் பிசைஞ்சு அரை மணி நேரம் ஈரத்துணி போட்டு மூடி வைக்கணும். சின்ன நெல்லிக்கா அளவு எடுத்து, குச்சிக்குக் கீழ ரெண்டு அங்குலம் விட்டு, பலகையில வச்சு உள்ளங்கையால ஒரே பக்கமா உருட்டணும், முன்ன பின்ன உருட்டினா மாவு கழண்டுகிட்டு வருது, இது எனக்குப் பழக ஒரு வாரம் ஆச்சு. சத்தே குச்சி, அதான் இறைச்சி குத்திச் சுடற மூங்கில் குச்சி, வேணாம், ரொம்ப தடிப்பு, பத்தி வாசத்துக்குப் பதிலா மூங்கில் எரியற நாத்தம்தான் வரும்.

சாம்பிராணி, அதான் மலாய்க்காரங்க கெமெஞான்னு சொல்றது, ஆசைக்கு ஒரு ஸ்பூன் போடுங்க, அதுக்கு மேல வேணாம். அது பிசின்தானே, சூட்டுல உருகி நெருப்பையே அணைச்சிடும். அத்தர் ஊத்தறதும் அப்படித்தான், அளவு மிஞ்சினா எரியாது.

அடுத்து அந்த ரெண்டு நாள் வெயில் கணக்கு. பினாங்குல, அதுவும் இந்த அக்டோபர் மழையில, வெயிலுக்கு எங்க போறது? வெயில் அடிச்சாலும் வேணாங்க, மேல் பக்கம் சீக்கிரம் காஞ்சு வெடிச்சிடும், வாசமும் போயிடும். ஜெலுத்தோங் ஃப்ளாட்டுல எங்க ஹால்ல கயிறு கட்டின தட்டுல ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம பரப்பி, ஃபேனை மெதுவா சுத்த விட்டு ஏழெட்டு நாள் நிழல்லயே காய வைக்கிறேன். வீட்டுக்காரர் கரண்டு பில்லைக் காட்டிப் புலம்பறார், அது வேற கதை. ஒடிச்சா டக்குனு சத்தம் வந்தா காஞ்சிருச்சுன்னு அர்த்தம், வளைஞ்சா இன்னும் ரெண்டு நாள் கெடக்கட்டும்.

வீட்டுல செஞ்சதுன்னா புகை ஒண்ணும் பண்ணாதுன்னு உங்க குறிப்புல ஒரு வரி இருந்துச்சே, அதையும் திருத்திடுங்க. எந்தப் பத்தியா இருந்தாலும் புகை புகைதான். எங்க பேரனுக்கு இழுப்பு இருக்கு, அவன் வந்தா ஜன்னலைத் தொறந்து வச்சுட்டு ஒத்தைப் பத்திதான், சில நாள் அதுவும் இல்ல, வெறும் விளக்குதான்.

தீபாவளிக்கு நிறைய பேர் செஞ்சு பாப்பாங்க, அதனால அந்த "லக்கடி"யைச் சேத்து ஒரு தடவை திருப்பிப் போடுங்க. மைதா மாவுல செஞ்சதுல பூசணம் பிடிக்காம தப்பிச்ச ஏழு குச்சி இன்னும் எங்கிட்ட இருக்கு, கொசு விரட்டவாவது ஆகும்னு வெளிய கொளுத்தி வச்சேன், கொசு அது பாட்டுக்கு உக்காந்துட்டுதான் இருக்கு.

இப்படிக்கு,
ஜெலுத்தோங் வாசகி, பினாங்கு