'உரிய நடவடிக்கைக்காக' எனக்கே வந்த என் மனு

திருகோணமலை மாவட்டத்தில் கல்வி, சமூக சேவை, தொழிற்பயிற்சி ஆகியவற்றுக்குப் பொறுப்பாக இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

வணக்கம்.

போன கிழமை தபாலில் ஒரு கடிதம் வந்தது. பிரித்துப் பார்த்தால், ஐந்து மாதத்துக்கு முன் நான் உங்களுக்கு எழுதிய மனுவின் பிரதி. மூன்று கந்தோர் முத்திரை, மூன்று கையொப்பம். மேலே சிவப்பு மையில் 'உரிய நடவடிக்கைக்காக' என்று எழுதி, பெறுநர் இடத்தில் என் பெயர். நான் 26 வருஷம் எழுதுவினைஞராக இருந்து பென்சன் எடுத்தவன். கடிதங்கள் சுற்றும் வழியெல்லாம் தெரியும். மனுக்காரனையே நடவடிக்கை எடுக்கச் சொல்லும் கடிதத்தை இப்போதுதான் காண்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மகளுக்கு வயது 18, பிறவியிலேயே காது கேளாது. சாதாரண தரப் பரீட்சை எழுதிய அன்றோடு அவளுக்கும் பாடசாலைக்கும் இருந்த உறவு அறுந்தது. இனி என்ன என்று கேட்டால் பாடசாலை சமூக சேவையைக் காட்டியது, சமூக சேவை தொழிற்பயிற்சியைக் காட்டியது, தொழிற்பயிற்சியோ பாடசாலையில் கடிதம் வாங்கிவரச் சொன்னது.

அந்தக் கடிதத்தோடு தையல் பயிற்சிக்கான நேர்முகத்துக்குப் போனோம். மூதூரிலிருந்து காலை முதல் பஸ். கிண்ணியாப் பாலம் தாண்டும்போது, சான்றிதழ்கள் எல்லாம் இருக்கிறதா என்று பிள்ளை மூன்றாம் தரமும் எண்ணிப் பார்த்தாள். உள்ளே ஒரு ஐயா "பேர் என்ன?" என்றார். காது கேளாது என்று நான் சொன்னேன். தலையாட்டிவிட்டு இன்னும் பலமாக "பேர் என்ன?" என்றார். அடுத்த தரம் அவர் கேட்டது வெளியே வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் முகத்தில் மாஸ்க். வாய் அசைவைப் பார்த்துப் பிடிக்கவும் வழியில்லை. சைகை மொழி தெரிந்த ஒருவர் அங்கே இல்லை. மகள் எழுந்து, அவருடைய மேசையில் கிடந்த பேனையை எடுத்துத் தன் பெயரையும், 'எனக்கு ஜுக்கி மெசின் ஓட்டத் தெரியும்' என்பதையும் எழுதினாள். அவர் அதை வாசிக்கவில்லை, பேனையை வாங்கிக்கொண்டார். எதிரில் இருப்பவரின் கோவையைத் தலைகீழாக வாசிப்பது எங்கள் தொழிலில் வரும் வியாதி. அவர் எழுதியது 'பொருத்தமற்றவர்'.

வீட்டில் அவள் தைப்பதை நீங்கள் ஒருநாள் வந்து பார்க்க வேண்டும். இடது கையின் இரண்டு விரலை மெசின் பலகையில் வைத்திருப்பாள். நூல் அறுந்தால், பாபின் முடிந்தால், அந்த அதிர்வில் அவளுக்குத் தெரிந்துவிடும். அயலில் அரைவாசிப் பெண்களின் சட்டை அவள் கை பட்டதுதான். தையல் மெசினோடு யாரும் பேசத் தேவையில்லையே, ஐயா.

எனவே கேட்பது ஒன்றுதான். பிள்ளை பத்தாம் ஆண்டுக்கு வரும்போதே, பெற்றார், ஆசிரியர், உங்கள் மூன்று பகுதியினர், முக்கியமாக அந்தப் பிள்ளை, எல்லோரும் ஒரே மேசையில் இருந்து, பாடசாலை விட்ட பிறகு என்ன என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பெயர் குறித்து ஒரு உத்தியோகத்தர் பொறுப்பேற்க வேண்டும். அமெரிக்காவில் விசேட கல்வி பெறும் பிள்ளைக்கு 16 வயதாகும்போது இப்படியொரு திட்டம் இருக்க வேண்டுமென்று சட்டமே இருக்கிறது. நாங்கள் அமெரிக்கா கேட்கவில்லை. ஒரு மேசையும் ஆறு கதிரையும்தான் கேட்கிறோம்.

நம்மிடம் கடதாசிக்குக் குறைவில்லை. அரச வேலை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 வலது குறைந்தோருக்கு என்று 1988இல் வந்த 27/88 சுற்றுநிருபத்தை நானே கோவையில் இட்டுப் பக்க இலக்கம் போட்டிருக்கிறேன். வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்க 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம். 2016இல் வலது குறைந்தோரின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்துக்கும் நாடு சம்மதம் கொடுத்தது. அதன் 27ஆம் உறுப்புரை வேலை செய்யும் உரிமையைப் பற்றியது. இவ்வளவும் இருந்தும், சர்வதேச வலது குறைந்தோர் தினமென்று ஒவ்வொரு டிசம்பர் 3ஆம் திகதியும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைப்பது தொப்பி, ரீசேட், ஒரு நடைபவனி, ஒரு சோற்றுப் பார்சல். மைக்கில் எல்லோரும் பேசுவார்கள், காது கேளாத பிள்ளைகள் முன்வரிசையில் இருந்து கைதட்டுவார்கள். எப்போது தட்டுவது என்று பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துத் தட்டுவார்கள்.

மன்னிக்க வேண்டும். கோபம் பேனையை இழுத்துக்கொண்டு போய்விட்டது.

சீதுவையில் சமூக சேவைத் திணைக்களத்தின் பயிற்சி நிலையம் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். நல்ல இடமென்றே கேள்வி. ஆனால் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்த, வாய் பேசாத பொம்பிளைப் பிள்ளையைக் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, எந்தத் தாய் வீட்டில் நித்திரை கொள்வாள்? மாகாணத்தின் தலைநகர் திருகோணமலை. இங்கே ஒரு வகுப்புக்கு இடமில்லையா?

மறுபடியும் தாழ்மையாகக் கேட்கிறேன். பத்தாம் ஆண்டிலேயே எழுத்தில் ஒரு திட்டம், பொறுப்பாக ஒரு உத்தியோகத்தர். என் மகளுக்கு அந்த வயது கடந்துவிட்டது. அவளுக்குப் பின்னால் வருகிறவர்களுக்காவது அது கிடைக்கட்டும். அவளுக்கு அடுத்த பயிற்சிக்கான நேர்முகத்தில் இன்னொரு தரம் இடம் கொடுங்கள். சைகை மொழி தெரிந்த ஒருவரை அன்றைக்கு ஒழுங்கு செய்ய முடியாவிட்டால், மேசையில் ஒரு தாளும் பேனையும் இருந்தால் போதும். அவள் எழுதுவதை மட்டும் தயவுசெய்து வாசியுங்கள்.

இங்ஙனம்,
பணிவுடன்,
ஒரு தகப்பன்,
மூதூர்.