கட்டட ஒப்பந்ததாரர்கள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை சங்கம் செய்த வேலைகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்.

செயற்குழு எட்டு முறை கூடியது. அதில் இரண்டு முறை போதிய ஆள் வராமல் கலைந்தோம். ஆயுத பூஜை வழக்கம்போல் அலுவலகத்தில் நடந்தது. பொங்கலுக்கு நாட்காட்டி அச்சிட்டுக் கொடுத்தோம். மறைந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலிக் கூட்டம் நடத்தினோம். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி காட்ட வேண்டிய கணக்கை மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்தாயிற்று.

இனி, இந்த ஆண்டு என் நேரத்தில் பாதிக்கு மேல் எடுத்துக்கொண்ட வேலையைப் பற்றிச் சொல்கிறேன். அரசுத் துறைகளில் ஒப்பந்ததாரராகப் பதிவு பெறத் தேவையான சான்றுகளைச் சேர்த்து, உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவுக் கோப்பு என்று சென்ற பொதுக்குழுவில் நான் முன்மொழிந்தது நினைவிருக்கும். "நாம் என்ன கவர்ன்மென்ட் வேலையா பார்க்கிறோம், நமக்கு எதற்கு லைசென்ஸ்" என்று அன்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தனியாருக்கு வீடு கட்டித் தரும் ஒப்பந்ததாரருக்கென்று நம் மாநிலத்தில் தனி உரிமம் கிடையாது. நேற்று வரை வேறு தொழில் செய்தவர்கூட இன்று 'பில்டர்' என்று போர்டு மாட்டிவிடலாம். முப்பது வருடம் கொத்துக் கரண்டி பிடித்தவருக்கும் அவருக்கும் வீட்டுக்காரர் கண்ணில் வித்தியாசம் தெரிவதில்லை. அந்த வித்தியாசத்தைக் காட்ட நம் கையில் இருப்பது காகிதம் ஒன்றுதான். அதனால்தான் இதைப் பிடிவாதமாகச் செய்தேன்.

ஞாயிறு காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை அலுவலகத்தில் உதவி முகாம் என்று அறிவித்தோம். ஆண்டில் இருபத்தாறு ஞாயிறு நடந்தது. 86 உறுப்பினர்களில் 52 பேருக்குக் கோப்பு தொடங்கினோம். முழுமையானது 29. பொதுப்பணித்துறையில் புதிதாக ஐந்தாம் வகுப்பில் மூன்று பேரும், நகராட்சியில் நான்கு பேரும் பதிவு பெற்றார்கள். பொதுப்பணித்துறையில் முதல் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை உண்டு. எந்த வகுப்பில் பதிவோ அந்தத் தொகை வரம்புக்குள்தான் டெண்டர் போட முடியும் என்பது உங்களுக்குத் தெரியும். பான் அட்டை, ஜிஎஸ்டி எண், வருமான வரிக் கணக்கு, செய்து முடித்த வேலைக்குச் சான்று, தளவாடப் பட்டியல், தாசில்தாரிடம் வாங்கும் சொத்து மதிப்புச் சான்று, அதாவது நாம் சால்வன்சி என்று சொல்வது, இவ்வளவும் ஒரே உறைக்குள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. நம்மில் ஒருவர் இந்த ஆண்டு மிகக் குறைந்த தொகை போட்டும் ஒரு டெண்டரை இழந்தார். சால்வன்சி காலம் முடிந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. 1998ஆம் ஆண்டு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் கீழ் கேட்ட ஆவணம் இல்லையென்றால், தொகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் டெண்டரை ஏற்க மாட்டார்கள். அந்த அண்ணன் சங்கத்தில் வந்து உட்கார்ந்து வெகுநேரம் பேசாமல் இருந்தார். அதற்குப் பிறகு எல்லாக் கோப்பின் மேலட்டையிலும் சால்வன்சி முடியும் தேதியைச் சிவப்பு மையில் எழுதி வைக்கிறேன்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சித்தாளாக வந்து, கொத்தனாராகி, மேஸ்திரியாகி, இப்போது சொந்தமாக எடுத்துச் செய்யும் மூத்தவர். ஒரு அட்டைப் பெட்டி நிறைய நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். எந்த வீட்டுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட், யாருக்கு எவ்வளவு கூலி என்று இருபத்தைந்து வருடக் கணக்கு அதில் இருந்தது. ஒரு பக்கத்தில்கூட வீட்டுக்காரர் கையெழுத்து இல்லை. ஒப்பந்தம் என்று ஒரு தாள் இல்லை. அனுபவச் சான்றுக்கு அந்தப் பெட்டி முழுவதும் உதவவில்லை. அவருக்காக நானும் இணைச் செயலாளரும் ஒன்பது வீடுகளுக்குப் போய்க் கடிதம் கேட்டோம். நான்கு பேர் கொடுத்தார்கள். இன்னும் அவருக்குப் பதிவு கிடைக்கவில்லை. ஆனால் இப்போது அவர் எடுக்கும் ஒவ்வொரு வேலைக்கும் முத்திரைத் தாளில் ஒப்பந்தம் போடுகிறார், பணத்தை வங்கி வழியாக வாங்குகிறார்.

ஜிஎஸ்டி பற்றி முகாமில் மிக அதிகமாகக் கேட்டார்கள், அதனால் இங்கேயும் சொல்லிவிடுகிறேன். ஹார்டுவேர் கடைக்காரர் சொன்னார் என்று ஆண்டு வியாபாரம் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை என்று பலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். அது சரக்கு விற்பவர்களுக்கு. மெட்டீரியலோடு கட்டித் தருவது சேவையாகக் கணக்கு, அதற்கு வரம்பு 20 லட்சம்தான், வரி 18 சதவீதம். தனி வீட்டுக்குக் கூலி மட்டும் பேசி எடுக்கும் வேலைக்கு விலக்கு உண்டு. அந்த வேலை மட்டுமே செய்பவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. சரி, பான் எண் கொடுக்காதவர் நிலை என்ன? நம் போன்ற தனிநபருக்கு ஒப்பந்தத் தொகையில் வருமான வரிக்காக 1 சதவீதம் பிடிக்க வேண்டிய இடத்தில் 20 சதவீதம் பிடிப்பார்கள். நமக்கு நிற்கும் லாபத்தைவிட அது பெரிது.

தொழிலாளர் பதிவில் நாம் இன்னும் பின்தங்கியிருக்கிறோம் என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன். இந்த அறிக்கை ஆண்டில் நடப்பில் இருந்த 1996ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தை அறுபது நாளுக்குள் பதிவு செய்ய வேண்டியிருந்தது. கட்டுமானச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நல நிதிக்கும் கட்ட வேண்டியிருந்தது. தான் குடியிருக்கவே பத்து லட்சத்துக்குள் வீடு கட்டுபவருக்கு மட்டும் விலக்கு இருந்தது. வீட்டுக்காரர் அந்த ஒரு சதவீதத்தைப் பார்த்து நம்மிடம் கோபப்படுகிறார். அது யாருக்குப் போகிறது என்று எடுத்துச் சொல்வது நம் பொறுப்பு. கடந்த ஐப்பசியில் நம் உறுப்பினர் ஒருவரின் வேலையிடத்தில் சாரம் சரிந்து ஒரு தொழிலாளி இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அந்தத் தொழிலாளி கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து அட்டை வாங்கியிருக்கவில்லை. மருத்துவச் செலவு முழுவதையும் உறுப்பினரே நகையை அடகு வைத்துக் கொடுத்தார். அந்தத் தொழிலாளியின் மனைவி கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "அட்டை எடுத்துத் தரேன்னு மூணு வருஷமா சொன்னீங்களே அண்ணே." 2014இல் சென்னை மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் விழுந்து 61 பேர் இறந்தபோது நாமெல்லாம் பேசினோம். நம் சாரத்தில் நிற்கும் ஆளுக்கு அட்டை இருக்கிறதா என்று அன்றே பார்த்திருக்க வேண்டும். பிப்ரவரியில் இரண்டு நாள் தனி முகாம் வைத்து 118 தொழிலாளர்களின் விண்ணப்பத்தை இணையத்தில் ஏற்றினோம். உறுப்பினர்கள் தங்கள் ஆட்களை அனுப்பியிருந்தால் இதைப்போல் மூன்று மடங்கு ஆகியிருக்கும்.

2024 ஜூலையில் அரசு கொண்டுவந்த சுயசான்று முறை நமக்கு உதவியாக இருக்கிறது. 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில், 3,500 சதுர அடிக்குள், தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி. ஆனால் கொடுத்த வரைபடத்தை மீறிக் கட்டினால் அனுமதி போய்விடும். "பின்னாடி ஒரு ரூம் சேர்த்துப் போட்டுடுங்க" என்று வீட்டுக்காரர் சொல்லும்போது தலையாட்டிவிட வேண்டாம்.

மணல், ஜல்லி விலை பற்றி எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் சொல்ல வேண்டும். ஆண்டு முடிந்த கையோடு ஏப்ரலில் குவாரி, கிரஷர் வேலைநிறுத்தம் வந்து எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் மணல், கிடைக்காமல் பல வேலைகள் நின்றன. பழைய விலைக்கு ஒப்பந்தம் போட்டவர்கள் நட்டப்பட்டார்கள். விலை ஏறினால் என்ன செய்வது என்று ஒரு வரி சேர்த்த மாதிரி ஒப்பந்தப் படிவம் அலுவலகத்தில் இருக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாகச் சொன்னால், வாடகையும் மின்கட்டணமும் போகக் கையில் நிற்பது சொற்பம். முகாமுக்கான நகல், இணைய, பயணச் செலவில் ஒரு பகுதியைச் சங்கம் கொடுத்தது. மீதியை நானும் இணைச் செயலாளரும் பார்த்துக்கொண்டோம், அதைத் திருப்பிக் கேட்கவில்லை.

கேட்பது சந்தாவை மட்டும்தான். ஆண்டுக்கு 1,500 ரூபாய். 86 பேரில் 49 பேர் கட்டினார்கள். 37 பேர் கட்டவில்லை. அதில் பதினான்கு பேருக்கு இரண்டு வருட நிலுவை. வருத்தம் என்னவென்றால், அந்த 37 பேரில் எட்டு பேர் முகாமுக்கு வந்து கோப்பை முடித்துக்கொண்டு போனவர்கள். அவர்களைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அனுப்பியிருக்க வேண்டும் என்று செயற்குழுவில் சிலர் கண்டித்தார்கள். வேலை எல்லாருக்கும் ஒன்றுதான், கடன் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனாலும் ஓரிரு நாள் கூலி ஆள் சம்பளம் அளவுக்கு வரும் தொகையை வருடம் முழுவதும் தள்ளிப்போடுவது முறையல்ல. கூட்டத்துக்கு வராதவர்கள் பற்றியும் அதேதான். இன்றைக்குக்கூட மண்டபத்தில் 34 பேர்தான் இருக்கிறோம்.

அலுவலக இடத்தை வாடகை கூட்டாமல் விட்டிருக்கும் கட்டட உரிமையாளருக்கும், சட்டச் சந்தேகங்களுக்குப் பொறுமையாகப் பதில் சொன்ன வழக்கறிஞர் நண்பருக்கும், கணக்கைத் தணிக்கை செய்து கொடுத்த ஆடிட்டருக்கும், தேநீர் கடைத் தம்பிக்கும், தலைவர், பொருளாளர், இணைச் செயலாளர் ஆகியோருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டுக்கு என்ன என்று பார்த்தால், 57 கோப்பு இன்னும் பாக்கி. அதற்கு ஒரு கணினியும், ஞாயிற்றுக்கிழமை உட்கார இரண்டு இளைஞர்களும் வேண்டும். நம் உறுப்பினர்களின் பிள்ளைகளில் பாலிடெக்னிக், சிவில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எனக்கு இது மூன்றாவது வருடம். என் சொந்த வேலை இரண்டு இந்த ஆண்டு தாமதமானது, வீட்டிலும் கேட்கிறார்கள். பொறுப்பை ஏற்க யாராவது முன்வந்தால் சந்தோஷமாக ஒப்படைத்து, ஆறு மாதம் கூடவே இருந்து சொல்லிக்கொடுப்பேன். அப்படி ஒருவர் இல்லையென்றாலும், ஜூலை முடிவதற்குள் நிலுவைச் சந்தாவில் பாதியாவது வந்துவிட்டால் இன்னொரு வருடம் தொடர நான் தயார். கோப்புகள் அலுவலக இரும்பு அலமாரியில் பெயர் வரிசையில் இருக்கின்றன. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று பொருளாளரிடம். அடுத்த முகாம் வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு. சால்வன்சி தேதியைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்