வீசாவுக்காக எல்லை கடப்போர் எந்தச் சாவடியைத் தேர்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து விசிட் வீசாவில் டுபாய்க்கும் சார்ஜாவுக்கும் செல்லும் இளைஞர்களின் வீசா முடியும் தறுவாயில், "காரில் ஓமான் எல்லைக்குப் போய் எக்ஸிட் (வெளியேறும் முத்திரை) அடித்துவிட்டு, புதிய வீசாவில் அன்றைக்கே திரும்பிவிடலாம்" என்று உப முகவர்கள் சொல்வது, கல்லடிப் பாலத்தைக் கடந்து தேநீர் குடித்துவிட்டு வருவது போன்ற காரியமாகவே இங்குள்ள பெற்றோருக்குப் படுகிறது. அமீரகத்தில் நீண்ட காலம் சாரதியாக இருந்து அந்த எல்லைகளுக்குப் பலரை அழைத்துச் சென்றவன் என்ற வகையில், எந்தச் சாவடி வழியாகப் போவது என்பதைத் தூரத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பதைத் தங்கள் பத்திரிகை வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

போன அன்றே திரும்பலாம் என்ற பேச்சு ஐரோப்பியக் கடவுச்சீட்டுக்காரரைப் பார்த்து எழுந்தது. அவர்களில் பெரும்பாலோர் ஓமானுக்குள் 14 நாட்கள் வீசா இல்லாமலே நுழையலாம். அமீரகத்துக்குத் திரும்பும்போது சாவடியிலேயே அனுமதி கிடைத்துவிடும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு இந்த இரண்டு சலுகையும் கிடையாது. போவதற்கு ஓமானின் வீசாவும், திரும்புவதற்கு அமீரகத்தின் புதிய வீசாவும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். விசிட் வீசாவில் வந்தவர் நாட்டை விட்டு வெளியேறாமலே வேறு வீசாவுக்கு மாறும் வசதி 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்ட பின்னர்தான் எல்லைக்கு ஓடுவோரின் தொகை பெருகியது. வீசாக் கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 50 திர்ஹம் தண்டம் என்பதால், கடைசி நாளில் அவசரமாக யாரோ ஒருவரின் காரில் ஏறுகிறவர்களே அதிகம் அகப்படுகிறார்கள்.

இனிச் சாவடிகளைப் பற்றிச் சொல்கிறேன். முகவர்கள் அதிகம் சொல்வது அல் அய்ன் வழியையே. அல் அய்னும் ஓமானின் புரைமியும் ஒட்டிப் பிறந்த ஊர்கள் என்பதால் அது மிகச் சுலபமானது போலத் தோன்றும். ஆனால் அமீரகத்தின் கத்ம் அல் ஷிக்லா சாவடியில் வெளியேறும் முத்திரை பெற்றுப் புரைமிக்குள் நுழைந்தவர், ஓமானுக்குள் முறைப்படி நுழைந்தவராகி விடுவதில்லை. ஓமானின் குடிவரவுச் சாவடி ஊரைத் தாண்டி மலைகளுக்கு நடுவே வாதி ஜிஸ்ஸி வீதியில் வெகு தொலைவில் இருக்கிறது. இதனை அறியாமல் புரைமியிலேயே சாப்பிட்டு, உறங்கி, ஓமானின் முத்திரை இல்லாத கடவுச்சீட்டோடு திரும்பி வந்து, "இடையில் எங்கே இருந்தீர்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ராஸ் அல் கைமாவிலிருந்து அல் தாரா சாவடி வழியாக முசந்தம் செல்லும் கடலோர வீதி பார்வைக்கு அழகானது, கூட்டமும் குறைவு. ஆயினும் வீசா அலுவலாகப் போகிறவருக்கு நான் அதனைச் சொல்ல மாட்டேன். முசந்தம் ஓமானுக்குச் சொந்தமான பகுதியாயினும், தரைவழியில் அமீரகத்தால் துண்டிக்கப்பட்டுத் தனித்துக் கிடக்கிறது. அமீரகத்தின் புதிய வீசா தாமதித்தாலோ மறுக்கப்பட்டாலோ, மஸ்கட்டில் உள்ள நமது தூதரகத்துக்குப் போக அங்கிருந்து படகிலோ விமானத்திலோதான் செல்ல வேண்டும். கையில் காசு குறைந்தவர் முசந்தத்தின் கசாப் நகரிலேயே முடங்கிப் போவார்.

இந்தக் காரணங்களால், டுபாய், சார்ஜா பக்கத்தில் இருப்பவர் ஹத்தாவை அடுத்த அல் வஜாஜா சாவடியையும், புஜைரா, கல்பா பக்கத்தில் இருப்பவர் கத்மத் மலாஹா சாவடியையும் தேர்வதே நல்லது என்பது என் கருத்து. இரண்டிலும் ஒரு நாட்டின் சாவடியைத் தாண்டியதும் அதிக தூரம் போகாமலே மற்ற நாட்டின் சாவடி வந்துவிடும். அத்துடன், காரியம் பிழைத்தாலும் அங்கிருந்து சோஹார் வழியாக மஸ்கட்டுக்கு நல்ல நெடுஞ்சாலை இருக்கிறது. மஸ்கட்டிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானமும் உண்டு. ஹத்தாவுக்குப் போகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டுபாயிலிருந்து செல்லும் பழைய வீதி இடையில் ஓமான் நிலத்தைச் சிறிது தூரம் ஊடறுத்துச் செல்வதால், 2016 இல் அது நம்மைப் போன்ற வெளிநாட்டவருக்கு மறிக்கப்பட்டது, அதன் பின்னர் சார்ஜாவின் மலீஹா பக்கமாகச் சுற்றியே போக வேண்டியதாயிற்று. சவூதிப் பக்கத்து அல் குவைபாத் அபுதாபியிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பால் இருப்பதாலும், அதற்குச் சவூதி வீசா தனியாக வேண்டும் என்பதாலும் அதனைப் பற்றிப் பேசத் தேவையில்லை.

காரின் பத்திரங்கள் சரியில்லாமல் திரும்பியவர்களும் உண்டு. வாகனப் பதிவான முல்கியா மட்டும் போதாது; ஓமானுக்குள் செல்லுபடியாகும் காப்புறுதிக்கு அடையாளமாக ஒரேஞ் கார்ட் வேண்டும். கார் வாடகைக்கு எடுக்கப்பட்டதாயினும் நண்பருடையதாயினும், எல்லை கடக்க உரிமையாளரின் எழுத்து மூலமான அனுமதி வேண்டும். சாரதி திருப்பப்பட்டால் காரும் திரும்பும், உள்ளே இருக்கும் எல்லோருடைய பயணமும் கெடும். ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கித் தனியார் காரில் ஆளேற்றுவது அங்கே தண்டத்துக்குரிய குற்றம் என்பதையும் நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும்.

புறப்படும் கிழமையும் முக்கியம். 2022 ஜனவரி முதல் அமீரகத்தின் வார விடுமுறை சனியும் ஞாயிறும். ஓமானுக்கோ இன்றும் வெள்ளியும் சனியும். வியாழன் மாலை புறப்பட்டவரின் வீசாவில் ஏதேனும் சிக்கல் வந்தால், இரு பக்கத்து அலுவலகங்களும் ஒருசேரத் திறக்கும் திங்கட்கிழமை வரை விடுதிக் கூலி கொடுத்துக் காத்திருக்க வேண்டியதுதான். திங்களோ செவ்வாயோ புறப்படுங்கள். பெருநாள் விடுமுறையில் ஹத்தாப் பக்கம் எட்டியும் பார்க்காதீர்கள்.

பெண் பிள்ளைகளை அனுப்பியிருப்போருக்குத் தனியாக ஒன்று. சுற்றுலா வீசாவில் ஓமானுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே வீட்டு வேலைக்கு விற்கப்பட்ட நம் நாட்டுப் பெண்களைப் பற்றி 2022 இறுதியில் வெளிவந்த செய்திகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். "வீசா மாற்றத்தான் போகிறோம்" என்று யாரேனும் காரில் ஏறச் சொன்னால், திரும்பி வருவதற்கான அமீரக வீசாவின் பிரதியைக் கண்ணால் பார்க்காமலும், கடவுச்சீட்டை மற்றவர் கையில் கொடுத்துவிட்டும் அந்தக் காரில் ஏறவே கூடாது.

விசிட் வீசாவில் இருப்பவரை வேலைக்கு வைத்திருக்கும் முதலாளிக்கு ஒரு இலட்சம் முதல் பத்து இலட்சம் திர்ஹம் வரை தண்டம் விதிக்கும் சட்டத் திருத்தம் 2024 ஆகஸ்டில் அங்கே வந்துவிட்டது. எனவே, "முதலில் வேலையைத் தொடங்கு, வீசாவைப் பிறகு மாற்றலாம்" என்று சொல்லும் கம்பனிக்காக எல்லைக்கு ஓடுவதை விட, இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்து, வேலை வீசாவிலேயே செல்வதுதான் செலவும் குறைந்த வழி. பணியகத்தின் 1989 என்ற தொலைபேசி இலக்கம் நம்மூர் மக்கள் பலருக்குத் தெரியாது. பிரதேச செயலகங்களில் பணியாற்றும் பணியக உத்தியோகத்தர்கள், எல்லை கடக்கும் விதிகளையும், அபுதாபி, மஸ்கட் தூதரகங்களினதும் டுபாய் துணைத் தூதரகத்தினதும் தொலைபேசி இலக்கங்களையும் தமிழில் அச்சிட்டு, புறப்படுவோர் கையில் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஏறாவூரிலிருந்து ஒரு வாசகர்