ஆய்வின் பொருளையும் வெளியிடுக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முனைவர் பட்டம் பெற்றோரின் படங்கள் தங்கள் வேலூர் பதிப்பில் அவ்வப்போது வெளியாகின்றன. ஆனால் அவர்கள் எதை ஆராய்ந்தார்கள் என்ற விவரம் பெரும்பாலும் இருப்பதில்லை. முனைவர் பட்டத்துக்கான பொது வாய்மொழித் தேர்வுக்கு வெளியாரும் செல்லலாம் என்பதால், ஓய்வுக்குப் பின் நான் அவற்றில் போய் அமர்வதுண்டு (தேநீருக்காகவும்தான் என்பதை மறைப்பதற்கில்லை).

அண்மையில் வேதியியல் மாணவி ஒருவர், தோல் பதனிடப் பயன்படும் மூவிணைதிறக் குரோமியம் மண்ணில் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நீரில் எளிதில் கரையும் நச்சான அறுவிணைதிறக் குரோமியமாக மாறக்கூடும் என்பதை, மஞ்சளேறிய நீர்க்குப்பியை உயர்த்திக் காட்டி விளக்கினார். தோல் தொழிற்சாலைகள் நிறைந்த ராணிப்பேட்டையை அறிந்தவர்களுக்கு அந்த நிறமே போதும்.

அடுத்த வாரம் வேறொரு கல்லூரியில் நடுகற்கள் பற்றிய ஆய்வு. பழைய வட ஆர்க்காட்டைச் சேர்ந்த எடுத்தனூரில், மகேந்திரவர்மப் பல்லவரின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த நடுகல், இறந்த வீரனோடு, திருடர் இருவரைக் கடித்துக் காவலிருந்த கோவிவன் என்ற நாயையும் பெயர் சொல்லி வட்டெழுத்தில் குறிக்கிறது. கல்லின் எழுத்தை மையால் தாளில் பதித்தெடுத்த மைப்படியின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வாசித்த அந்த மாணவரின் முன் பாதி நாற்காலிகள் காலியாகவே கிடந்தன.

கணிதம் போன்ற துறைகளின் ஆய்வுகள் எனக்கு விளங்குவதில்லை. அது என் குறை. எனினும், பட்டம் பெற்றவரின் படத்துக்குக் கீழே ஆய்வின் தலைப்பையும் முடிவையும் எளிய தமிழில் இரண்டு வரிகளில் வெளியிடவும், வாய்மொழித் தேர்வு நடைபெறும் நாளையும் இடத்தையும் 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் சேர்க்கவும் வேண்டுகிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
காட்பாடி.