ஏற்காட்டுத் தோழிக்கு: பவர் பத்திரம் பற்றி

அம்மாபேட்டை,
சேலம்

அன்புள்ள சரோஜா,

கடிதம் கிடைத்தது. மிளகு நன்றாகக் காய்த்திருக்கிறது, சில்வர் ஓக்கில் ஏறிப் பறிக்கத்தான் ஆள் இல்லை என்று எழுதியிருந்தாய். மலையில் எல்லாத் தோட்டத்திலும் அதே பாட்டுத்தான் போல. எனக்கு மூட்டுவலி, மற்றபடி சௌக்கியம்.

சரி, உன் பையன் விஷயத்துக்கு வருகிறேன். "எல்லாத்துக்கும் சேர்த்து ஒரு பொது பவர் கொடுத்துடும்மா, நாளைக்கு உனக்கு நினைவு தப்பினாலும் நான் பார்த்துக்கறேன்" என்கிறானாமே. பையன் தங்கம்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பவர் என்றால் உன் சார்பில் காரியம் பார்க்க அவனுக்கு நீ அதிகாரம் எழுதிக் கொடுப்பது. ஆனால் அவன் நினைக்கிற வேலைக்கு அந்தப் பத்திரம் உதவாது. பவர் கொடுத்தவர் இறந்தாலோ சித்தம் கலங்கினாலோ, பவர் வாங்கிய ஏஜென்டின் அதிகாரமும் அதோடு போயிற்று. 1872ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்திலேயே, 201ஆம் பிரிவில், இருக்கிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நினைவு தப்பிய பிறகும் செல்லுகிற மாதிரி தனி பவர் உண்டு. யாரோ அதைச் சொல்லி இவனைக் குழப்பியிருக்க வேண்டும்.

இங்கே நிலைமை என்ன தெரியுமா? கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்று வைத்தியம் பார்க்க, ஒரு மனைவி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. முதலில் தள்ளுபடி, 2024இல் மேல்முறையீட்டில்தான் அவரைக் காப்பாளராக நியமித்தார்கள். கட்டிய மனைவிக்கே அந்த அலைச்சல்.

பெங்களூரிலிருந்து வந்து போய் ஓமலூர் ரோட்டு மனையை அவன் விற்பதற்கு மட்டும் பவர் கொடு, தப்பில்லை. அந்த ஒரு மனைக்கு மட்டும், சர்வே நம்பர் போட்டு, சிறப்பு பவராக. நிலத்துக்கான பவர் நம் மாநிலத்தில் பதிவாகியே ஆக வேண்டும், நீயே நேரில் வர வேண்டியிருக்கும். 'கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும்' என்ற வரியை மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை படி. நான் பதிவு ஆபீஸில் இருந்த காலத்தில் ஒரு பெரியவர் கைரேகை வைத்துவிட்டு, விரல் மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டே, "பேரன் லோனுக்குத்தானே சாமி?" என்று கேட்டார். அது அண்ணன் மகனுக்குக் கொடுத்த பொது பவர். விற்கலாம், அடமானம் வைக்கலாம், பணமும் வாங்கலாம். சார்பதிவாளர் அப்படியே நிறுத்தி, பத்திரத்தை முழுசாகப் படித்துக் காட்டச் சொன்னார். பெரியவர் ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். பத்திரம் பதிவாகவில்லை.

மனை வாங்குகிறவர் 'பவரே போதும், கிரயம் அப்புறம்' என்றால் ஒப்புக்கொள்ளாதே. பவரை மட்டும் வைத்துச் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. பின்னால் பவரை ரத்து செய்தாலும், ரத்துப் பத்திரம் பதிந்ததோடு விடாமல் உன் பையனுக்கும் வாங்க வந்தவருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரியாமல் நடந்த வியாபாரம் உன் தலையில்தான் விழும்.

வங்கிக்குப் பவரே வேண்டாம். கணக்கில் அவன் பெயரையும் சேர்த்து 'ஈதர் ஆர் சர்வைவர்' என்று, அதாவது இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாக எடுக்கலாம் என்று, மாற்றிவிடு, நீ படுத்துவிட்டாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எடுக்கலாம். மொத்தத்தையும் எடுக்கலாம் என்பதையும் மறக்காதே! அதனால் ஒரு கணக்கை மட்டும் அப்படி வை, பென்ஷன் வருகிற கணக்கு உன் பெயரிலேயே இருக்கட்டும்.

உனக்குப் பிறகு தோட்டம் யாருக்கு என்பதற்கு உயில்தான். பதிவு கட்டாயமில்லை, ஆனால் மகளும் மகனும் இருக்கிற வீட்டில் பதிந்துவிடுவது நல்லது. இரண்டு சாட்சிகள் வேண்டும். பங்கு வாங்கப்போகிறவர்களைப் போடாதே. ஒரு சாட்சியாக நான் வருகிறேன். இன்னொருவரை நீ பார், நம்மைவிட வயது குறைந்தவராக.

மனையின் தாய்ப் பத்திரத்தையும் பட்டாவையும் எடுத்து வை. பையன் வருகிற தேதி தெரிந்ததும் போன் பண்ணு.

உன்,
விஜயா